கண்டி வாவியும் உடவத்தைக் காடும்: காலை ஓட்டத்துக்கு எந்தப் பாதை?

வடமராட்சி மணல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆசிரியப் பணியில் இடமாற்றம் கிடைத்து, பருத்தித்துறையிலிருந்து இந்த ஆண்டுத் தொடக்கத்தில் கண்டிக்கு வந்திருக்கிறேன். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குக் கிட்ட ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். ஊரில் இருந்தபோது வாரத்தில் நான்கு நாட்கள் கடற்கரை வீதியில் ஆறு, ஏழு கிலோமீட்டர் ஓடுவேன். அங்கே நிலம் தட்டை. சோளகம் வீசும் மாதங்களில் எதிர்க்காற்று ஒன்றுதான் சிரமம். இங்கேயோ வீட்டுப் படலையைத் திறந்தால் ஒரு பக்கம் ஏற்றம், மறுபக்கம் இறக்கம். வந்த முதல் வாரத்தில் இரண்டு முறை ஓடிப் பார்த்துவிட்டு, முழங்கால் நோவுடன் நிறுத்திவிட்டேன்.

இங்கே பழக்கமானவர்களிடம் நான் அறிய விரும்புவது இதுதான். வாவியைச் சுற்றி ஓடுவதற்கு எந்த நேரம் உகந்தது? புத்தரின் பல் வைக்கப்பட்டிருக்கும் தலதா மாளிகைக்குப் பின்னால் பச்சையாகத் தெரிகிற உடவத்தைக் காட்டுக்குள் ஓட முடியுமா? தனியே ஓடும் பெண்ணுக்கு எந்தப் பாதை ஏற்றது? நான் போட்டிகளுக்காக ஓடுபவள் அல்ல. வேலைக்குப் போகும் முன் ஒரு மணித்தியாலம் மரங்களையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டு ஓட வேண்டும் என்பதே என் ஆசை.

வாவிக்கரை எழுதியது:

மகள், உங்களுக்கு நல்வரவு. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக வாவியைச் சுற்றி வருகிறேன்; முதற் பதினைந்து ஆண்டுகள் ஓட்டம், பிறகு நடை. ஆகவே உங்களுடைய முதற் கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன்.

ஒரு சுற்று ஏறத்தாழ மூன்றேகால் கிலோமீட்டர். இரண்டு சுற்று வந்தால் உங்கள் வழக்கமான தூரம் நிறைந்துவிடும். மலைகளுக்கு நடுவே இருக்கும் இந்த நகரத்தில், ஏற்ற இறக்கம் இல்லாமல் இவ்வளவு தூரம் ஓடக்கூடிய இடம் வேறு இல்லையென்றே சொல்வேன். அதற்குக் காரணமும் இருக்கிறது. இது இயற்கையாக அமைந்த ஏரி அல்ல. திங்கொல் கும்புற என்று வழங்கிய வயல்வெளியை அணை கட்டி மறித்து, கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 இல் உண்டாக்கிய வாவி இது. வயலாக இருந்த பள்ளத்தாக்கின் விளிம்பையே நாம் சுற்றி வருகிறோம் என்பதால்தான் பாதை இப்படித் தட்டையாக இருக்கிறது.

மேற்கு முனையில் உள்ள அணைக்கட்டிலிருந்து புறப்படுங்கள். அங்கிருந்து முதலில் தென்கரை, அதாவது சங்கராஜ மாவத்தைப் பக்கம். மல்வத்தை விகாரையைத் தாண்டிக் கிழக்கு நோக்கி ஓடும்போது எதிரே வானம் வெளுத்துக்கொண்டு வரும். கிழக்கு முனையில் வளைந்து வடகரையில் திரும்பும்போது வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். தலதா மாளிகையின் வெள்ளைச் சுவரில் முதல் வெயில் படுவதை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே ஓடலாம். எதிர்த் திசையில் ஓடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்காது.

மாளிகைப் பக்கக் கரையில், அலையலையாக எழுந்து தாழும் மேகச்சுவர் இருக்கிறது. வளாகுளு பம்ம என்பது அதன் சிங்களப் பெயர். அதிலுள்ள முக்கோணக் குழிகள் விளக்கு ஏற்றி வைப்பதற்காக விடப்பட்டவை. 1815 மார்ச் 2 ஆம் திகதி ஒப்பந்தத்துடன் இராச்சியம் ஆங்கிலேயரிடம் போனபோது அந்தச் சுவர் கட்டி முடிந்திருக்கவில்லை. அந்த இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பெரிய மாரா மரங்களின் வேர்கள் நடைபாதைக் கற்களை ஆங்காங்கே தூக்கிவிட்டிருக்கின்றன. அரையிருட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. என் இடது கைமூட்டில் உள்ள தழும்பு அப்படி வந்ததுதான்.

நேரத்தைப் பொறுத்தவரை, அதிகாலை ஐந்தரைக்குத் தொடங்கி ஆறரைக்குள் முடித்துவிடுவது நல்லது. அதன் பிறகு பள்ளி வான்களும் பஸ்களும் வரத் தொடங்கும். நகரம் ஒரு கிண்ணம் போல இருப்பதால் காற்று ஓடாத காலைகளில் புகை வாவியின் மேல் அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் ஆழமாக மூச்சு இழுத்து ஓடுவதைவிட வீட்டில் இருப்பது உடம்புக்கு நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொரு வேண்டுகோள். போயா எனப்படும் பௌர்ணமி தினங்களில் விடியும் முன்னரே வெள்ளை உடுத்த குடும்பங்கள் மலர்த் தட்டுகளுடன் மாளிகைக்கு வந்துவிடுவார்கள். அன்று மாளிகைக்கு முன்னுள்ள பகுதியை நடந்தே கடந்து செல்லுங்கள். ஆடி, ஆவணியில் பெரஹெரா ஊர்வலக் காலத்தில் வாவிச் சுற்றையே மறந்துவிடலாம். வீதிகள் மூடப்பட்டிருக்கும், கூட்டமும் அதிகம்.

மாத்தளை வீதி எழுதியது:

ஐயா சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். மாலையில் வாவியைச் சுற்றி ஓட நினைக்க வேண்டாம். பொழுது சாயும் நேரத்தில் நீர்க்காகங்களும் கொக்குகளும் கூட்டங் கூட்டமாகக் கரையோர மரங்களில் வந்து அடையும். மழை இல்லாத நாளிலும் அந்தப் பகுதியில் குடை பிடித்து நடப்பவர்களை நீங்கள் காண்பீர்கள். எச்சம் விழுந்து ஊறிய கல் சோப்பு நீர் ஊற்றியது போல வழுக்கும்.

வடமராட்சி மணல் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. நாளை விடிய ஐந்தரைக்கு அணைக்கட்டில் இருப்பேன். மாத்தளை வீதி நண்பருக்கும் நன்றி. மாலையில் ஓடலாம் என்று எண்ணியிருந்தேன், அதைக் கைவிடுகிறேன். உடவத்தைக் காட்டைப் பற்றி அறிந்தவர்கள் யாராவது எழுத வேண்டும்.

பழைய பேராதனையான் எழுதியது:

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த நான்கு ஆண்டுகளிலும், பிறகு கண்டியில் வேலை பார்த்த ஆறு ஆண்டுகளிலும் மாதத்துக்கு இரண்டு முறையாவது உடவத்தைக்குப் போய் ஓடியிருக்கிறேன். நகரின் நடுவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் 104 ஹெக்டேர் காடு கிடைப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? மன்னர் காலத்தில் அது அரண்மனைக்கு மேலே இருந்த தோட்டம், பொது மக்கள் நுழையக் கூடாத காடு. ஆங்கிலேயர் 1856 இல் அதை ஒதுக்குக் காடாக்கினார்கள். 1938 இல் சரணாலயம் ஆனது.

டி. எஸ். சேனாநாயக்க வீதியில் வடக்கே போய் வலப்பக்கம் ஏறும் வீதியைப் பிடித்தால் வாசல் வரும். அந்த ஏற்றத்தை ஓடி ஏற முயலாதீர்கள். அதிலேயே கால் களைத்துவிடும். வாசலில் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும், உள்நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. வாசல் திறக்கும் நேரத்தை ஒருமுறை நேரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் அரச குடும்பத்தார் நீராடியதாகச் சொல்லப்படும் குளம். அதைத் தாண்டினால் லேடி ஹோர்ட்டன், லேடி மக்கார்த்தி என்று ஆளுநர்களின் மனைவியர் பெயர்களைத் தாங்கிய பாதைகள் பிரியும். குதிரையில் செல்வதற்கு ஏற்றவாறு அன்று வகுத்த பாதைகள் என்பதால் சரிவு மெல்ல மெல்லத்தான் ஏறும். ஓட்டத்துக்கு இதைவிட இதமான மண் பாதை கண்டி நகருக்குள் இல்லை.

நான் மறக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மார்கழிக் காலையில் மழை விட்ட பிறகு ஹோர்ட்டன் பாதையில் ஒரு வளைவில் திரும்பினேன். மனிதனின் இடுப்பளவு பருத்த கொடி ஒன்று மரத்துக்கு மரம் தாவி, பாதைக்கு மேலே தோரணம் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஒரு குரங்குக் குட்டி தாயின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. எனக்கு மூச்சு வாங்கும் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. வேறு சத்தமே இல்லை.

குறிஞ்சிப் பறவை எழுதியது:

பேராதனை நண்பர் தம் பதிவின் கடைசி வரியில் என் வாதத்தைத் தாமே எடுத்துத் தந்துவிட்டார். உடவத்தை, ஓடுவதற்குரிய இடம் அல்ல என்பது என் கருத்து. அதை மரியாதையுடன், ஆனால் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன்.

அங்கே நான் பறவை பார்க்கப் போகிறேன். வட புலத்திலிருந்து குளிர்காலத்தில் வரும் அரசவால் ஈப்பிடிப்பான் ஒரே கொப்பில் பத்து நிமிடம் இருக்கும். சப்பாத்துக் காலடி ஒன்று ஓடி வந்தால் அரை மணி நேரத்துக்கு அந்தப் பக்கம் எதுவும் அசையாது. இது பறவைகளுக்கு மட்டும் உரிய விடயமும் அல்ல. காட்டுக்குள் பிக்குகளின் ஆசிரமங்கள் இருக்கின்றன. பௌத்த நூல்களை உலகெங்கும் கொண்டு சென்ற ஞானபோணிக தேரர் பல பத்தாண்டுகள் வாழ்ந்தது இந்தக் காட்டு ஆசிரமத்தில்தான். நகருக்கே பெயர் கொடுத்ததாகச் சொல்லப்படும் செங்கண்டன் என்னும் தவசியின் குகையும் அங்கேயே இருக்கிறது. அமைதிக்காகவே காலங்காலமாகக் காக்கப்பட்ட இடத்தில், நேரத்தை அளந்துகொண்டு ஓடுவது எனக்கு ஒப்பவில்லை.

பாதுகாப்பும் ஒரு காரணம். காய்ந்த இலைக்குள் கோப்பி விரியன் கிடக்கும். இலைக்கும் அதற்கும் நிறத்தில் வேறுபாடு தெரியாது. நின்று குனிந்து பார்த்தால்கூடச் சட்டென்று பிடிபடாது. நடப்பவர் அடுத்த அடியை எங்கே வைக்கப் போகிறோம் என்று பார்த்து வைப்பார். ஓடுபவர் மூன்று அடிக்கு அப்பால்தான் பார்ப்பார். மழைக்காலத்தில் அட்டைகளைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

பழைய பேராதனையான் எழுதியது:

குறிஞ்சிப் பறவைக்கு வணக்கம். நீங்கள் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆசிரமங்களுக்குப் போகும் கிளைப் பாதைகளில் நான் ஒருநாளும் ஓடியதில்லை, ஓடவும் கூடாது. விரியனைப் பற்றிய எச்சரிக்கையும் சரியானது. ஆயினும், அகலமான பிரதான பாதையில் ஒருவர் தனியே, காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல், மெதுவாக ஓடிப் போவதற்கும், விடுமுறை நாளில் இருபது பேர் கூச்சலிட்டுக்கொண்டு நடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. காட்டுக்கு எது அதிகம் கெடுதி?

தவிரவும், அந்தக் காட்டில் இன்று பெருகி நிற்கும் மரங்களில் பல வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. மகோகனியும், வீடுகளில் சாடியில் வளர்க்கும் மணி பிளாண்ட் கொடியும் அங்கே உள்ளூர்ச் செடிகளை மூடிப் படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தின் மேல் உங்களுக்கு உள்ள அக்கறை எனக்கும் உண்டு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

குறிஞ்சிப் பறவை எழுதியது:

இருபது பேரின் கூச்சல் தவறு என்பதால் ஒருவருடைய ஓட்டம் சரியாகிவிடாது. எனினும் உங்கள் அக்கறையில் எனக்கு ஐயமில்லை. ஆசிரியை அவர்களே ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

அம்பிட்டிய வாசகி எழுதியது:

தங்கையின் மூன்றாவது கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள் என்று தோன்றியதால் எழுதுகிறேன். நானும் தனியே ஓடும் பெண்தான். எனக்கு வயது நாற்பத்தாறு.

வாவிச் சுற்று விடியற்காலையில் பாதுகாப்பானது, ஏனென்றால் அந்த நேரத்தில் அங்கே நடப்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். ஒரு மாதம் தொடர்ந்து போனால் முகங்கள் பழகிவிடும். இரண்டு நாள் வராவிட்டால் என்ன சுகமில்லையா என்று கேட்பார்கள். ஆனால் ஐந்தரைக்கு முன் போகாதீர்கள். கிழக்கு முனையில் மரநிழல் அடர்த்தியான ஒரு பகுதி, தெருவிளக்கு இருந்தும் இருட்டாகவே இருக்கும். உடவத்தைக்கு, ஓடுவதானாலும் நடப்பதானாலும், தனியே போக வேண்டாம். அங்கே சில வளைவுகளில் அரை மணி நேரத்துக்கு ஒரு மனிதரையும் காண மாட்டீர்கள். பேராதனை நண்பருக்கு மனத்தை நிறைத்த அந்தத் தனிமை, ஒரு பெண்ணுக்கு வேறு விதமாகத்தான் இருக்கும். நான் தோழி ஒருத்தியுடன் மட்டுமே போவேன்.

யாரும் சொல்லாத ஓர் இடத்தைச் சொல்கிறேன்: துனுமடலாவ. வாவிக்குத் தெற்கே மலைச்சரிவில் இருக்கும் காடு இது. ஒருகாலத்தில் தோட்டப் பயிர்கள் நின்ற நிலத்தை, நகரின் தண்ணீருக்காகப் பாதுகாத்து மீண்டும் காடாக வளர விட்டார்கள். உள்ளே ஆங்கிலேயர் காலத்து நீர்த்தேக்கங்கள் இரண்டு இருக்கின்றன. கண்டி மாநகர சபையின் பொறுப்பில் உள்ள காடு என்பதால் வாசலில் அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும். முதல் நீர்த்தேக்கத்தின் அணையில் நின்றால் எதிர்க்கரை மரங்கள் அப்படியே தலைகீழாகத் தண்ணீரில் தெரியும். நகரத்தின் ஹார்ன் சத்தம் அங்கே எட்டாது. குடிநீர் என்பதால் அதில் கால் கழுவுவதுகூடக் கூடாது. ஏறி இறங்கும் பாதை, ஆகவே முழங்கால் பழகிய பிறகு போங்கள். இதற்கும் துணை அவசியம்.

நீங்கள் விரும்பினால், துணைக்கு நான் வருகிறேன்.

பெரட்டுக்களம் எழுதியது:

டீச்சருக்கு வணக்கம். நான் ஹந்தானைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது டவுனில் வேலை, ஆனால் குடும்பம் இன்னும் அங்கேதான். எல்லோரும் வாவியையும் காட்டையும் பற்றிச் சொல்லிவிட்டார்கள். எங்கள் மலையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலிருந்து ஹந்தானைக்கு ஏறும் வீதி கிட்டத்தான் இருக்கிறது. பெரியாஸ்பத்திரியைத் தாண்டி மேலே போகும் வீதி அது. தேயிலை அருங்காட்சியகம் வரை ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவான தூரம், ஆனால் ஏறத்தாழ முழுவதும் ஏற்றம். அந்த அருங்காட்சியகம் 1925 இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடம். எங்கள் தாத்தா அதில் வேலை செய்தவர். நான் சிறுவனாக இருந்தபோது அது பூட்டிக் கிடந்தது. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் கண்டி முழுவதும் கீழே கிடக்கும். பனி மூடிய காலைகளில் நகரம் இருக்கும் இடத்தில் வெள்ளைப் பஞ்சு மட்டும்தான் தெரியும். பஹிரவகந்த புத்தர் சிலை அதற்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருக்கும்.

அங்கே ஓட வருகிறவர்களிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. காலையில் ஆட்கள் பெரட்டுக்கு, அதாவது அன்றைய வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகும் நேரத்தில் வீதி அவர்களுடையது. கொழுந்துக் கூடையுடன் ஏறுகிற பெண்களுக்கு வழி விட்டு ஓரமாக ஓடுங்கள். வணக்கம் சொன்னால் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். எங்கே போகிறீர்கள், தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்றும் கேட்பார்கள். லயங்களின், அதாவது நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளின், முன்னால் நின்று படம் எடுக்காதீர்கள். பலர் அதைச் செய்கிறார்கள். குளிக்கும் இடத்தையும் துணி காயும் கொடியையும் யாரோ ஒருவர் போனில் எடுத்துக்கொண்டு போவதை எங்கள் அம்மா எவ்வளவு வெறுத்தார் என்று எனக்குத் தெரியும்.

லயங்களில் நாய்கள் இருக்கும். ஓடினால் துரத்தும், நின்றால் அதுவும் நிற்கும். தேயிலை மலைக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதைகளில், மருந்து அடித்த நாட்களில் போகக் கூடாது. ஆட்களிடம் கேட்டால் சொல்வார்கள். அட்டைக்குப் பயப்படத் தேவையில்லை. எங்கள் ஆட்கள் செய்வது போலச் சவுக்காரத்தைத் தண்ணீர் சேர்க்காமல் காலிலும் காலுறையின் மேல் விளிம்பிலும் தேய்த்துவிட்டுப் போனால் பெரும்பாலும் ஏறாது. ஏறிவிட்டால் பிடித்து இழுக்காமல், ஒரு கிள்ளு உப்பு வைத்தால் தானாக விழும்.

இன்னொன்று. ஏற்றத்தில் மூச்சு வாங்கினால், கண்டியின் உயரந்தான் காரணம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வாவி கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றில் குறை எதுவும் தெரியாது. சரிவுக்குக் கால் பழக வேண்டும், அவ்வளவுதான். ஏறும்போது அடியைச் சிறிதாக வைத்து, நடந்தும் ஓடியும் ஏறுங்கள். முழங்காலைக் கெடுப்பது ஏற்றம் அல்ல, இறக்கம். இறங்கும்போது முழுவதும் நடந்தே இறங்குங்கள், ஒரு மாதத்துக்காவது.

பாலாற்றங்கரை எழுதியது:

வேலூரிலிருந்து எழுதுகிறேன். இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறேன். வாவியை வெட்டிய மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் எங்கள் ஊர்க் கோட்டையில்தான் சிறை வைக்கப்பட்டு, 1832 இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருடைய சமாதி இருக்கும் முத்துமண்டபத்தைத் தாண்டித்தான் என் காலை ஓட்டம் போகிறது. அவர் கட்டிய வாவியையும் ஒருமுறை சுற்றி ஓட வேண்டும் என்ற ஆசையில் தை மாதம் கண்டிக்கு வருகிறேன். இரண்டு காலைகள் மட்டுமே அங்கே இருப்பேன். எப்படிப் பயன்படுத்தலாம்?

வாவிக்கரை எழுதியது:

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எழுதாமல் இருந்துவிட்டேன். அவருடைய சமாதி இருக்கும் கரையில் நீங்களும், அவர் கட்டிய கரையில் நானும் தினமும் கால் பதிக்கிறோம் என்பதை இதுவரை நினைத்ததில்லை.

முதற் காலையில் வாவியை ஒரு சுற்று மட்டும் ஓடுங்கள். பிறகு தென்கரையிலிருந்து மேலே ஏறி ராஜபிஹில்ல மாவத்தைக்குப் போங்கள். அங்கே ஆர்தர்ஸ் சீட் என்று சொல்லும் இடத்தில் நின்றால் வாவி, நடுவிலுள்ள சிறு தீவு, மாளிகை, அதற்குப் பின்னால் உடவத்தைக் காடு எல்லாம் ஒரே பார்வைக்குள் வரும். ஏற்றம் செங்குத்து, ஆனால் தூரம் குறைவு. இரண்டாம் காலையில் ரயிலிலோ பஸ்ஸிலோ பேராதனைக்குப் போய், பல்கலைக்கழக வளாகத்தின் ஊடாகச் செல்லும் கலஹா வீதியில் ஓடுங்கள். ஒரு பக்கம் மகாவலி, மறுபக்கம் ஹந்தானை மலை. வாவியை விட்டால் தட்டையாக ஓட அந்தப் பக்கம்தான். தை மாதத்தில் மழையும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு ஓட்டம் முடிந்த பிறகு நடந்து பார்ப்பதற்காகப் போங்கள்.

பழைய பேராதனையான் எழுதியது:

ஐயா என் வளாகத்தை நினைவுபடுத்திவிட்டார். வேலூர் நண்பர் மாசி, பங்குனியில் வர முடிந்தால், ரொபரோசியா மரங்கள் இலையே தெரியாமல் இளஞ்சிவப்பாகப் பூத்து, வீதியெல்லாம் பூவாக உதிர்ந்து கிடப்பதைப் பார்க்கலாம். அந்தப் பூவின் மேல் மட்டும் கவனமாக ஓட வேண்டும், வழுக்கும்.

வடமராட்சி மணல் எழுதியது:

ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். நீங்கள் அனைவரும் இவ்வளவு எழுதிய பின் பார்த்ததைச் சொல்லாமல் இருப்பது முறையல்ல.

வாவி இப்போது என் வாரத்தில் மூன்று நாட்கள். ஐயா சொன்ன திசையிலேயே ஓடுகிறேன். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், மேகச்சுவரின் அருகே வேகத்தைக் குறைத்தபோது, கரைப்படியில் கிடந்த மரக்கட்டை என்று நான் நினைத்தது மெல்லத் தலையைத் தூக்கி, நாக்கை நீட்டி, தண்ணீருக்குள் சத்தமில்லாமல் இறங்கியது. நான் கண்ட முதற் கபரகொய்யா, அதாவது பெரிய நீர் உடும்பு. அதன் வால் மறையும் வரை நின்றுவிட்டேன். ஐயாவை மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன். கைமூட்டுத் தழும்புதான் அடையாளம்.

உடவத்தைக்கு அம்பிட்டிய அக்காவுடன் போனேன். ஓடும் எண்ணத்துடன்தான் சப்பாத்தைக் கட்டினேன். குளத்தைத் தாண்டிய முதல் ஐந்நூறு மீட்டரில் மெதுவாக ஓடினோம். பிறகு அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார். இலைக் குப்பையில் எதையோ காட்டினார். எனக்கு இலைகள் மட்டுமே தெரிந்தன. அவர் விரலை நீட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்க, ஓர் இலை மட்டும் மெல்ல மூச்சு விடுவது தெரிந்தது. விரியன். பாதை விளிம்பிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. அதன் பிறகு நாங்கள் ஓடவில்லை, நடந்தோம். பயத்தினால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். நடக்கத் தொடங்கிய பிறகுதான் பறவைகளின் சத்தம் எனக்குக் கேட்கவே தொடங்கியது. குக்குறுவான் ஒன்று ஒரே சுருதியில் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பெயரை அக்காதான் சொன்னார். பேராதனை அண்ணா சொன்ன அந்தப் பெருங்கொடியையும் கண்டோம். அவர் எழுதியதில் மிகை ஒன்றும் இல்லை. ஆயினும் அந்தக் காட்டில் இனி நடப்பது என்றே முடிவு செய்திருக்கிறேன்.

துனுமடலாவவுக்கு இன்னும் போகவில்லை, மழை விடவில்லை.

ஹந்தானைக்கு இரண்டு முறை ஏறினேன். முதல் முறை பாதியில் நடந்துவிட்டேன். இரண்டாம் முறை கூடையுடன் போன ஒரு அம்மா, “மெதுவா போ பிள்ள, மலை எங்கயும் ஓடிறாது” என்றார். அவருடன் பேசிக்கொண்டே அடுத்த வளைவு வரை நடந்தேன். சொன்னபடியே நடந்து இறங்கினேன், முழங்கால் நோகவில்லை.

குறிஞ்சிப் பறவை எழுதியது:

மிக்க மகிழ்ச்சி. நீங்கள் கேட்டது மஞ்சள் நெற்றிக் குக்குறுவானாக இருக்கக்கூடும். இலங்கையில் மட்டுமே வாழும் பறவை. அடுத்த முறை நானும் வருகிறேன், என்னுடைய தொலைநோக்கியைத் தருகிறேன். பேராதனை நண்பரும் வந்தால் நன்று.

பழைய பேராதனையான் எழுதியது:

வருகிறேன். நடந்தே வருகிறேன்.

பெரட்டுக்களம் எழுதியது:

டீச்சர், உங்களுடன் பேசிக்கொண்டு நடந்தவர் எங்கள் பெரியம்மாவாக இருக்க வேண்டும். அந்த வார்த்தையை எங்கள் எல்லோரிடமும் சொல்வார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை, நானும் வீட்டில் இருப்பேன். மழை பெய்யாவிட்டால் ஏறி வாருங்கள். அருங்காட்சியகத்துக்கு அப்பால், பைனஸ் மரங்களுக்கு நடுவே உச்சிப் பக்கம் போகும் பாதையைக் காட்டுகிறேன். அம்பிட்டிய அக்காவையும் அழைத்து வாருங்கள். பனி பத்து மணிக்கு முன் திரும்பவும் இறங்கிவிடும் காலம் இது, ஆகவே ஆறு மணிக்கே ஏறத் தொடங்கிவிட வேண்டும்.